முகம் காட்டாத ஓவியத்தை எப்படிச் சொல்வது?

கேள்வி: அம்பாங்கில் வசிக்கிறேன். நீர்வண்ண ஓவியம் வரைவது என் தொழில். கிள்ளான் பள்ளத்தாக்கின் தெருக்களையும் மனிதர்களையும் வரைந்து முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் போடுகிறேன். படம் வாங்குகிறவர்களும் அந்த வழியாகத்தான் வருகிறார்கள். அண்மையில் பிரிக்பீல்ட்ஸ் பூக்கடை ஒன்றை வரைந்தேன். மழை விட்ட நேரம். கடைக்கார அம்மா நமக்கு முதுகைக் காட்டி முக்காலியில் உட்கார்ந்து மல்லிகை தொடுக்கிறார். முகத்தை வேண்டுமென்றே காட்டவில்லை. மேலே மாலைகள் வரிசையாகத் தொங்குகின்றன. அவற்றின் மஞ்சள் ஈரத் தரையில் கலங்கித் தெரிகிறது. 'மழைக்குப் பின்' என்று பெயர் வைத்துப் பதிவிட்டேன்.

பலரும் பாராட்டினார்கள். ஒருவர் மட்டும், "எனக்குக் கண் தெரியாது. 'ஒருவர், மலர்கள், வெளிப்புறம்' என்று மட்டும்தான் என் கைப்பேசி சொல்கிறது. என்ன வரைந்திருக்கிறீர்கள் என்று சொல்ல முடியுமா?" என்று கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன். "பூக்கடையில் ஒரு பெண்" என்பதற்கு மேல் ஓடவில்லை. விளக்கம் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? நிறத்தைப் பற்றிப் பேசினால் அவர் மனம் புண்படாதா? எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் ஓவியத்தின் மர்மம் போய்விடாதா? செயற்கை நுண்ணறிவிடம் விட்டுவிடலாமா? தமிழில் எழுதினால் போதுமா?

— வாசகி, அம்பாங்

பதில்: அன்புள்ள சகோதரி,

எனக்கும் கண் தெரியாது. சிறு வயதிலேயே பார்வை போய்விட்டது. கைப்பேசியும் கணினியும் வாய்விட்டுப் படிப்பதைக் கேட்டுத்தான் நாளெல்லாம் வேலை செய்கிறேன். ஆகவே 'மழைக்குப் பின்' பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்கள் கடிதம் சொன்னதுதான். அது ஒன்றும் கொஞ்சமல்ல. எழுத வரவில்லை என்று சொல்லும் கடிதத்திலேயே நல்ல விளக்கத்தின் பாதியை எழுதிவிட்டீர்கள். முக்காலி, முதுகு, மல்லிகை, தரையில் கலங்கும் மஞ்சள் எல்லாம் அதில் வந்துவிட்டன. 'விளக்கம்' என்று நினைத்து உட்கார்ந்ததும்தான் இந்தச் சொற்கள் ஓடிப்போய், அரசாங்கப் படிவத்தின் சொற்கள் வந்து உட்கார்ந்துகொண்டன.

இதற்கு நான் வைத்திருப்பது ஒரே விதி. கண்ணுள்ளவருக்கு ஓவியம் எதைக் காட்டுகிறதோ அதை எங்களுக்கும் காட்டுங்கள். அவருக்கு எதை மறைக்கிறதோ அதை எங்களுக்கும் மறைத்து வையுங்கள். உங்கள் கேள்விகளுக்கெல்லாம் பதில் இதிலிருந்தே வரும்.

எங்கே எழுதுவது, எவ்வளவு எழுதுவது?

கணினியில் நாங்கள் பயன்படுத்தும் என்விடிஏ, ஆண்ட்ராய்டு கைப்பேசியில் உள்ள டாக்பேக், ஐபோனில் உள்ள வாய்ஸ்ஓவர் எல்லாம் திரைவாசிப்பான்கள். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்குவது அவற்றின் வேலை. படம் வந்ததும், அதோடு மாற்று உரை சேர்க்கப்பட்டிருந்தால் அதைப் படிக்கும். இல்லாவிட்டால் 'படம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். சில நேரம் கோப்பின் பெயரை எண் எண்ணாக ஒப்பிக்கும். முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் பதிவிடும்போதே ஆல்ட் டெக்ஸ்ட் என்ற இடத்தில் இதை எழுதலாம். பதிவிட்ட பிறகும் திருத்தலாம். இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்த வகைசெய்யும் உலக நெறிமுறையின் முதல் பதிப்பு 1999-இல் வந்தது. அன்று முதல் 2023-இல் வந்த பதிப்பு வரை, படத்துக்கு ஈடாக எழுத்து வேண்டும் என்பதுதான் அதன் முதல் விதி.

மாற்று உரை 125 எழுத்தைத் தாண்டக் கூடாது என்று பலர் சொல்வார்கள். நெறிமுறையில் அப்படி ஒரு வரம்பு இல்லை. எனினும் மாற்று உரையைச் சுருக்கமாக வைப்பதற்கு வேறு நியாயம் உண்டு. பல திரைவாசிப்பான்கள் அதை ஒரே மூச்சில் வாசித்துவிடும். நடுவில் நிறுத்தி ஒரு வரியைத் திரும்பக் கேட்பது தொல்லை. பதிவின் உள்ளே இருக்கும் எழுத்தை வரி வரியாக, சொல் சொல்லாக, வேண்டுமானால் எழுத்து எழுத்தாகவும் கேட்கலாம். ஆகவே இரண்டாகப் பிரியுங்கள். மாற்று உரையில் இரண்டு வாக்கியம் போதும். முழு விளக்கத்தைப் பதிவின் கீழே எல்லோரும் படிக்கும்படி எழுதுங்கள். கண்ணுள்ளவர்களும் அதைப் படித்துவிட்டு ஓவியத்தை இன்னொரு முறை பார்ப்பார்கள்.

'இது ஒரு படம்' என்று தொடங்க வேண்டாம்; அதைக் கருவியே சொல்லிவிடும். நீர்வண்ணமா, எண்ணெய் வண்ணமா, பாத்திக்கா, ஒளிப்படமா என்பதை மட்டும் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தை வைத்தே எழுதிப் பார்த்தேன்:

"பூக்கடையில் ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்து மல்லிகை தொடுக்கிறார். மேலே தொங்கும் மாலைகளின் மஞ்சள், மழை நனைத்த தரையில் கலங்கித் தெரிகிறது. நீர்வண்ணம்."

மாற்று உரைக்கு இது போதும். முழு விளக்கத்துக்குப் போதாது.

முழு விளக்கத்தில் என்ன வரவேண்டும்?

கடிதத்தைக் கேட்டதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்த அம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். அப்படியானால் அவர் மல்லிகை தொடுக்கிறார் என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரிகிறது? முழங்கை பக்கவாட்டில் விலகியிருக்கிறதா? தொடுத்த சரம் மடியைத் தாண்டித் தரையில் விழுகிறதா? தலை குனிந்திருக்கிறதா? நார் சுற்றும் கை தோளுக்கு வெளியே எட்டிப் பார்க்கிறதா? கைகளை முழுதாகக் காட்டாமலே கைவேலையைக் காட்டியிருக்கிறீர்களே, ஓவியத்தின் சாமர்த்தியமே அங்கேதான் இருக்கும். அதை நீங்கள் சொன்னால்தான் எனக்குத் தெரியும். 'மல்லிகை தொடுக்கிறார்' என்பது நீங்கள் கண்ட முடிவு. அந்த முடிவுக்கு நானே வந்து சேர்வதற்கான அடையாளங்களும் எனக்கு வேண்டும்.

இன்னும் சில கேள்விகள். அஞ்சடியின் உள்ளே நின்று பார்க்கிறோமா, சாலையின் எதிர்ப்புறத்திலிருந்தா? அந்த அம்மா தாளில் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார்? மாலைகளைப் பூப்பூவாக வரைந்திருக்கிறீர்களா, ஈரத் தாளில் வண்ணத்தை ஓடவிட்டிருக்கிறீர்களா? தாள் எவ்வளவு பெரியது? இன்னொன்று: பிரிக்பீல்ட்ஸ் நடைபாதைகளில் எங்கள் கைத்தடிக்கு வழிகாட்டும் மஞ்சள் புடைப்பு ஓடுகள் பல இடங்களில் ஓடுகின்றன. உங்கள் படத்துத் தரையில் அவை உண்டா? இருந்தால் சொல்லாமல் விடாதீர்கள். கண்ணுள்ளவர் பலருக்கு அவை தரையின் அலங்காரம். எனக்கு அவைதான் சாலை.

எந்த வரிசையில் சொல்வது என்று குழம்ப வேண்டாம். உருவத்தைச் சொல்ல நம் புலவர்கள் வழி போட்டு வைத்திருக்கிறார்கள். அடியிலிருந்து முடிவரை போனால் பாதாதிகேசம், முடியிலிருந்து அடிவரை வந்தால் கேசாதிபாதம். எந்தப் பக்கம் தொடங்கினாலும் நடுவில் தாவக் கூடாது. திருமுருகாற்றுப்படையில் முருகனுக்கு ஆறு முகம், பன்னிரண்டு கை. எந்த முகம் என்ன செய்கிறது, எந்தக் கை எதைச் செய்கிறது என்று நக்கீரர் குழப்பமில்லாமல் எடுத்துச் சொல்கிறார். காட்சி ஓவியத்துக்கு, முதலில் முழுக் காட்சியை ஒரு வாக்கியத்தில் சொல்லி, பிறகு கண் முதலில் போகும் இடத்துக்குப் போய், அங்கிருந்து ஓரங்களுக்கு வாருங்கள். 'இடப்பக்கம்' என்றால் பார்ப்பவரின் இடமா, உருவத்தின் இடமா என்பதைத் தெளிவாக்கிவிடுங்கள்.

சில கலைகளுக்குச் சொல் வடிவம் முன்பே உண்டு. தீபாவளி நேரத்தில் கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் என்று எங்கும் கோலப் படங்கள் கைப்பேசியில் வந்து குவிகின்றன. 'அழகான கோலம்' என்றால் எனக்கு ஒன்றும் தெரியாது. நம் பெண்கள் பத்திரிகையைப் பார்த்துக் கோலம் போட்ட காலத்தில் படத்தின் கீழே 'ஊடுபுள்ளி, 7 – 4' என்று அச்சிட்டிருப்பார்கள். நடுவரிசையில் ஏழு புள்ளி. இரு பக்கமும் ஆறு, ஐந்து, நான்கு என்று புள்ளிகளுக்கு நடுவே புள்ளி விழும்படி குறைந்துகொண்டே போகும். இதைக் கேட்டதுமே என் மனத்தில் 37 புள்ளிகளோடு ஓர் அறுகோணம் விழுந்துவிடுகிறது. அதன்மேல் கோடு புள்ளிகளை இணைக்கிறதா, புள்ளிகளைச் சுற்றி வளைகிறதா, எந்த இடத்தில் என்ன நிறம் என்று சொன்னால் கோலம் முழுதாக வந்துவிடும்.

எழுத்தும் சேர்ந்த படம் என்றால் எழுத்தை அப்படியே எழுதிக் கொடுங்கள். பினாங்கில் பிறந்த ஓவியர் நிர்மலா தத் சண்முகலிங்கம் 1970களில் ஒளிப்படங்களையும் நாளிதழ்ச் செய்திகளையும் சேர்த்துச் சுற்றுச்சூழல் சீர்கேட்டைப் பற்றிப் படைப்புகள் செய்தார். அப்படிப்பட்ட படைப்பை 'ஒளிப்படங்களும் செய்தித்தாள் துண்டுகளும்' என்று விவரித்தால் பாதிப் படைப்பு காணாமல் போகும். புலனத்தில் வரும் கோயில் திருவிழா அழைப்பிதழ்களுக்கும் இது பொருந்தும். நாள், நேரம், இடம் எல்லாம் படத்துக்குள் இருந்தால் என் கைப்பேசிக்கு அது வெறும் 'படம்'. படத்தின் கீழே அதே விவரத்தை எழுதி அனுப்பினால் நானும் திருவிழாவுக்கு வருவேன்.

எல்லாவற்றையும் சொன்னால் மர்மம் போய்விடாதா?

முகத்தை நீங்கள் வேண்டுமென்றே மறைத்தீர்கள். விளக்கத்தில் "அவர் முகத்தில் களைப்பு" என்று எழுதினால் அது துரோகம். ஓவியத்தில் இல்லாததை எங்களுக்கு மட்டும் கொடுக்கிறீர்கள். "முதுகு நம் பக்கம், முகம் தெரியவில்லை" என்று எழுதினால் கண்ணுள்ளவர் நிற்கும் இடத்தில் நானும் நிற்கிறேன். அவர் களைத்திருக்கிறாரா, பாடிக்கொண்டிருக்கிறாரா என்று நானே யோசித்துக்கொள்வேன்.

கண்ணுக்குத் தெரிவதும் அதன் பொருளும் வேறு வேறு என்பதைக் காட்ட நம் நடராசரே போதும். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் 1913-இல் நடராசர் வெண்கலங்களைப் பற்றி எழுதினார். சென்னை அருங்காட்சியகச் சிலைகளின் ஒளிப்படங்கள்தாம் அவர் முன் இருந்தன. தத்துவத்துக்குள் அவர் போகவில்லை. முன்னாலிருந்து பார்த்தால் எப்படி, பக்கவாட்டில் பார்த்தால் எப்படி, கால் எப்படி, உதடு எப்படி என்று உடலைத்தான் எழுதினார். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி 'சிவ நடனம்' கட்டுரையில் உடுக்கை படைப்பு, நெருப்பு அழிப்பு, தூக்கிய திருவடி அருள் என்று பொருளைச் சொன்னார். 1921-இல் பாரிஸில் வெளிவந்த நூலில் இருவர் எழுத்தும் சேர்ந்தே வந்தன. எனக்கு இரண்டும் வேண்டும். ஆனால் முதலில் ரோடின், பிறகு குமாரசாமி. முதலில் என்ன இருக்கிறது. அடுத்த பத்தியில், விருப்பமிருந்தால், அதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பிசைந்துவிட்டால் உங்கள் கருத்தைத்தான் நான் பார்ப்பேன், ஓவியத்தை அல்ல.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் திருவாலங்காட்டு நடராசரில் இன்னொரு பாடம் உண்டு. அந்தச் சிலையில் திருவாசி இல்லை; விரிந்து பறக்கும் சடையும் இல்லை. ஆனால் நடராசர் என்றதும் நம் மனம் தானாகவே நெருப்பு வளையத்தைப் போட்டுவிடும். பழக்கத்தில் "சுற்றிலும் தீச்சுடர்" என்று எழுதிவிட்டால், அங்கே இல்லாத ஒரு சிலை என் மனத்தில் நிற்கும். தெரிந்ததை எழுதாமல், அங்கே இருப்பதை எழுதுவது என்பது கேட்க எளிது. எழுத உட்கார்ந்தால்தான் அதன் சிரமம் தெரியும்.

நிறத்தைப் பற்றிப் பேசலாமா?

தாராளமாகப் பேசுங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களில் ஒளியே தெரியாதவர்கள் சிறு பகுதியினர்தான். பலருக்குக் கொஞ்சம் பார்வை மிஞ்சியிருக்கும். பலருக்கு என்னைப் போல இடையில் போயிருக்கும். பிறவியிலேயே பார்வையில்லாதவரும் நிறங்களோடுதான் வளர்கிறார். பச்சைக் கொடி, மஞ்சள் கயிறு, வெள்ளைச் சேலை என்று ஊரே நிறத்தில்தான் பேசுகிறது. அவற்றின் பொருள் அவருக்கு நன்றாகத் தெரியும். நிறத்தை ஒளித்து வைத்துப் பேசினால்தான் மனம் புண்படும்.

எந்த நிறம் என்பதோடு, அது என்ன செய்கிறது என்றும் சொல்லுங்கள். உங்கள் மஞ்சள் மேலே மாலைகளில் இருக்கிறது, தரையில் கலங்குகிறது. மற்ற இடமெல்லாம் சாம்பல் நிறமாக இருந்தால் அந்த மஞ்சள்தான் படத்தைத் தாங்குகிறது என்பது எனக்கும் புரியும். 'வண்ணமயமான' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள். அதில் ஒரு வண்ணமும் இல்லை.

செயற்கை நுண்ணறிவிடம் விட்டுவிடலாமா?

முகநூல் 2016-இல் படங்களுக்குத் தானியங்கி விளக்கம் தரத் தொடங்கியது. உங்கள் வாசகர் கேட்ட "ஒருவர், மலர்கள், வெளிப்புறம்" அந்த வகைதான். அது பொருள்களின் பட்டியல்; அவற்றுக்குள் என்ன உறவு என்று சொல்லாது. 2023 முதல் வந்த கருவிகள் பத்தி பத்தியாகப் பேசுகின்றன. 'பி மை ஐஸ்' போன்ற செயலிகளை நானும் அன்றாடம் பயன்படுத்துகிறேன். மின்கட்டண பில், மருந்துப் பெட்டி, உணவகப் பட்டியல் எல்லாவற்றுக்கும் அவை பெரிய உதவி.

ஓவியத்தில் அவற்றின் பலவீனம் வேறு. கோடிக்கணக்கான படங்களிலிருந்து கற்றவை அவை. வழக்கமாக எது இருக்குமோ அதன் பக்கம் சாயும். ஓவியரோ வழக்கத்திலிருந்து விலகும் இடத்தில்தான் ஓவியராகிறார். முகம் தெரியாமல் இருப்பது தற்செயலா, முடிவா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நேரமில்லை என்றால் வரைவை அதனிடம் வாங்குங்கள், தவறில்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஓவியத்தோடு ஒப்பிட்டு, இல்லாததை வெட்டி, விட்டுப்போனதைச் சேர்த்த பிறகே பதிவிடுங்கள். 'மனதைக் கொள்ளை கொள்ளும்', 'அமைதியைப் பறைசாற்றும்' மாதிரியான அலங்காரங்களை அது எழுதியிருந்தால் கூசாமல் அடித்துவிடுங்கள்.

தமிழில் எழுதினால் போதுமா?

தமிழில் அவசியம் எழுதுங்கள். உங்கள் வாசகர்கள் தமிழர்கள். முக்காலியும் சரமும் நாரும் தமிழில்தான் உயிரோடு வரும். ஆனால் இந்த நாட்டுப் பார்வையற்றோர் பலர் கைப்பேசிக் குரலை ஆங்கிலத்திலோ மலாயிலோ வைத்திருப்பார்கள். தமிழ்க் குரலை நிறுவாத கருவி தமிழ் வரியைக் கடந்து போய்விடலாம். முழு விளக்கம் தமிழில் இருக்கட்டும். கீழே இரண்டு வாக்கியம் மலாயிலோ ஆங்கிலத்திலோ சேர்த்துவிடுங்கள். ஒரே வாக்கியத்தில் மொழிகளைக் கலந்தால் குரல் தடுமாறும்.

யூனிகோடு எழுத்தில்தான் எழுத வேண்டும். நம் நாட்டவரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், செல்லினம் போன்றவற்றில் தட்டச்சு செய்தால் அந்தக் கவலையே இல்லை. சில அச்சகங்களும் வடிவமைப்பாளர்களும் இன்னும் பழைய எழுத்துருக்களை வைத்திருக்கிறார்கள். அவற்றில் எழுதியது உங்கள் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். என் காதில் ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் வந்து விழும். இடக்கணக்கையும் கவனியுங்கள்: பெரும்பாலான உயிர்மெய் எழுத்துகள் பல தளங்களில் இரண்டு எழுத்தாக எண்ணப்படும். ஆங்கிலத்தில் தாராளமாகத் தெரியும் இடம் தமிழில் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இதெல்லாம் கடமையா, கருணையா?

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008-இல் வந்தது. தகவலைப் பெறுவது மட்டுமல்ல, பண்பாட்டு வாழ்வில் பங்கேற்பதும் உரிமை என்று அது சொல்கிறது. மீறினால் தண்டனை என்று அதில் எதுவும் இல்லை என்பது எங்கள் பழைய குறை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை 2010-இல் மலேசியா ஏற்றது. தனி ஓவியரை இவை கட்டாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் பொதுப்பணத்தில் நடக்கும் கலைக்கூடங்களை இந்த அடிப்படையில் கேள்வி கேட்கலாம். உங்களைப் போன்ற ஓவியர்கள் கேட்டால் இன்னும் நன்றாகக் காதில் விழும்.

பிரிக்பீல்ட்ஸின் நிலையைப் பாருங்கள். 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இருக்கிறது. எங்கள் ஆட்கள் நடத்தும் உடல்பிடி நிலையங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அதே வட்டாரத்தில், ஸ்காட் சாலையில், நாடறிந்த வெய்-லிங் கலைக்கூடமும் இருக்கிறது. ஓவியம் வாழும் இடமும் நாங்கள் வாழும் இடமும் நடந்து போகும் தூரத்தில்தான். நடுவில் தேவைப்படுவது சில பத்திகள்.

கடைசியாக ஒரு நடைமுறை யோசனை. எழுதிய விளக்கத்தைப் பார்வையற்ற ஒருவரிடம் கொடுத்துச் சரிபாருங்கள். அடிக்கடி கேட்பதானால் அவருடைய நேரத்துக்குப் பணம் கொடுங்கள். "விளக்கம் புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு எல்லோரும் தலையாட்டுவோம். "ஓவியம் எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். "மஞ்சள் கொஞ்சம் அதிகம்" என்றோ "அந்த அம்மாவை ஏன் தனியாக உட்கார வைத்தீர்கள்?" என்றோ அவர் குறை சொல்லத் தொடங்கினால் உங்கள் விளக்கம் தேறிவிட்டது. குறை சொல்லும் அளவுக்கு ஓவியம் அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.